வைக்கோற்போரிலிருந்து வைகைக் கரைக்கு: அமெரிக்கக் கல்லூரிகளும் தமிழ்நிலமும்

சோழவந்தானை ஒட்டிய திருவேடகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. 1971-இல் சுவாமி சித்பவானந்தர் தொடங்கியது; மாணவர்கள் விடுதியிலேயே தங்கிப் படிக்கும் குருகுலக் கல்லூரி. அங்கிருந்து வைகையின் போக்கிலேயே கிழக்கே மதுரைக்குப் போனால் வடகரையில் இன்னொரு கல்லூரி. அதன் பெயரே அமெரிக்கன் கல்லூரி. ஒன்று இந்துத் துறவி எழுப்பியது, மற்றது கிறித்தவ ஊழியர்கள் எழுப்பியது. நோக்கும் நடைமுறையும் வெவ்வேறு. ஆனால் இரண்டின் கதையையும் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள இரு கல்லூரிகளின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிய விநோதத் தகவல்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. ஒரு லட்சம் பேர் உட்காரும் கால்பந்து மைதானம், பாலைவனத்தில் மாடு மேய்க்கும் மாணவர்கள் என்று அவை நீளும். இக்கட்டுரை பெரிதும் பேசுவது தமிழ்நிலத்தோடு பின்னிக் கிடக்கும் விநோதங்களை. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ஒரு கல்லூரி நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கக் கட்டடம் மட்டும் போதாது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யார் வந்து படித்தார் என்ற நான்கும் எழுதிவைக்கப்பட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளிடமிருந்து நாம் கற்க வேண்டியவற்றில் முதன்மையானது இந்தக் கணக்கும் ஏடும்தான்.

கோட்டை ஆளுநரின் பெயர்

அமெரிக்காவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களுள் ஒன்றான யேல், சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எலிகு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அதன்பின் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவேயில்லை. 1672-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுத்தராக வந்து, படிப்படியாக உயர்ந்து, 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தார்.

தமிழ்நாட்டில் அவருடைய தடங்கள் இன்றும் இருக்கின்றன. கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தில் பதிவான முதல் திருமணம், 1680-இல் நடந்த அவருடைய திருமணம். மணப்பெண் கேதரின், காலமான கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மரின் மனைவி. யேல் தம்பதியின் மகன் டேவிட் சிறுவயதிலேயே இறந்தான். அந்தக் குழந்தைக்கும் ஹின்மருக்கும் சேர்த்து எழுப்பிய கூர்ங்கோபுரக் கல்லறை பின்னாளில் சென்னைச் சட்டக் கல்லூரி வளாகமான இடத்தில் எழுந்தது. 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியதும் யேல் ஆளுநராக இருந்தபோதுதான். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஏற்பாடு. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள்.

யேல் பெரும் செல்வத்தோடு லண்டன் திரும்பினார். அதே காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில், 1701-இல் தொடங்கிய சிறு கல்விக்கூடம் ஒன்று பணமில்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1718-இல் யேலுக்குக் கடிதம் எழுதி, உதவி செய்தால் கல்லூரி உங்கள் பெயரை என்றென்றும் தாங்கும் என்ற நம்பிக்கையை ஊட்டினார். யேல் அனுப்பியவை ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்று. மூட்டைகளில் காலிகோ, மஸ்லின் முதலிய துணிகள் இருந்தன. சரக்கை விற்றதில் 562 பவுண்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. அந்த ஆண்டே கல்விக்கூடம் யேல் கல்லூரி ஆனது. உலகப் பல்கலைக்கழகப் பெயர்களில் இவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தவை அரிது.

கம்பெனி கொடுத்த சம்பளம் சொற்பம். யேலின் செல்வம் சேர்ந்தது சொந்த வணிகத்தில். சோழமண்டலக் கரையின் துணியும் உள்நாட்டு வைரமும் அதில் அடக்கம். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளின் பேரில்தான் அவர் பதவி இழந்தார். அவர் அதிகாரத்தில் இருந்த ஆண்டுகளில் சென்னையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றும் வணிகமும் நடந்தது. அதை மேற்பார்வையிட்ட நிர்வாகத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

இவற்றைத் தோண்டி எடுத்ததில் யேல் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தனக்கும் அடிமை முறைக்கும் இருந்த உறவைப் பற்றி அது வரலாற்றறிஞர்களைக் கொண்டு ஆய்வு செய்து, 2024 பிப்ரவரியில் நூலாக வெளியிட்டது. தன் பழைய தலைவர்கள் அடிமை முறையில் பங்கேற்றதற்காக முறைப்படி மன்னிப்பும் கேட்டது. பெயர் கொடுத்தவரின் குற்றத்தையும் எழுதி வைக்கும் துணிவு ஒரு நிறுவனத்துக்கு இழிவு சேர்ப்பதில்லை. அதன் சொல்லுக்கு எடை கூட்டுகிறது.

மழைக்கு ஒதுங்கிய ஐந்து மாணவர்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில் வில்லியம்ஸ் கல்லூரி இருக்கிறது. 1806 ஆகஸ்டில் ஒரு நாள் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் பிரார்த்தனைக்காக வயல்வெளியில் கூடினார்கள். இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு ஊழியர்களை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் உறுதிப்பட்டது. சாமுவேல் மில்ஸ் அந்த ஐவரின் தலைவர். அந்தப் பேச்சின் விளைவாக 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் மாசசூசெட்ஸின் பிராட்ஃபோர்டில் உருவானது. வைக்கோற்போர் இருந்த இடத்தில் 1867-இல் ஒரு நினைவுத்தூண் நட்டார்கள். மாணவர்கள் மழைக்கு ஒதுங்கிய இடத்துக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கும் கல்லூரி அது.

அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், 1816-இல் டேனியல் பூர் முதலியவர்களோடு யாழ்ப்பாணம் வந்தார். 1822-இல் அங்கேயே இறந்தார். கம்பெனி ஆண்ட இந்தியாவில் அமெரிக்க மிஷனரிகளுக்கு அப்போது எளிதில் இடம் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு நேரடியாக ஆண்ட இலங்கையில் கிடைத்தது. அதனால்தான் அமெரிக்க உயர்கல்வி தமிழரிடம் முதலில் வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணம் ஆயிற்று.

பூர், டார்ட்மத் கல்லூரியில் 1811-இல் பட்டம் பெற்றவர். அவர் பொறுப்பில் 1823-இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. ஆங்கிலத்தோடு தமிழும் வடமொழியும் கணிதமும் வானியலும் அங்கே பாடங்கள். அதைப் பட்டம் வழங்கும் கல்லூரியாக்க மிஷன் விரும்பியது. இலங்கை அரசு அனுமதி தரவில்லை. அமெரிக்கா சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டுகூட நிறையாத காலம் அது. அதற்குள் அதன் கல்லூரிகளில் படித்தவர்கள் பனைமரக் காட்டுக்கு நடுவே ஓர் உயர்கல்விக்கூடத்தை எழுப்பிவிட்டார்கள்.

அங்கே இருந்த வழக்கம் ஒன்று வியப்பானது. அமெரிக்காவில் ஒரு குடும்பமோ தேவாலயச் சபையோ ஒரு மாணவனின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பும். அவர்கள் சொல்லும் பெயரை அந்த மாணவனுக்கு வைப்பார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை, அர்னால்ட் சதாசிவம்பிள்ளை என்று ஒரு தலைமுறைத் தமிழறிஞர்களின் பெயர்கள் அப்படி அமைந்தன. தமிழ்ப் புலவர்களின் வரலாறான 'பாவலர் சரித்திர தீபக'த்தை 1886-இல் வெளியிட்டவர் அந்த அர்னால்டு. கனெக்டிகட்டில் கொடையாளரின் பெயரைக் கல்லூரி தாங்கியது. வட்டுக்கோட்டையில் மாணவனே தாங்கினான். பெற்றோர் வைத்த பெயரைப் பின்னுக்குத் தள்ளிய அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கடல் கடந்த ஊரில் யாரோ ஒருவர் அனுப்பிய சிறு தொகை இன்ன மாணவனுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை அது இருநூறு ஆண்டுகளாகக் காப்பாற்றிவிட்டது.

ஆங்கிலக் கல்வி மதப் பணிக்குப் பயன்படவில்லை என்று கருதிய மிஷன் தலைமை 1855-இல் செமினரியை மூடியது. இரண்டே ஆண்டுகளில், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரும் மூடப்பட்ட அந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். பின்னவர்தான் 1887-இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றினார். தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஊழியர்களை உருவாக்கத் தொடங்கிய கல்விக்கூடம், சங்க நூல்களை மீட்டெடுத்த பதிப்பாசிரியர்களில் ஒருவரை உருவாக்கியது. தொடங்கியவர்கள் எதிர்பார்த்த பயனும் கிடைத்த பயனும் வேறு வேறு. 1872-இல் யாழ்ப்பாண மக்களின் வற்புறுத்தலோடு அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

மாசசூசெட்ஸ்காரரான மருத்துவர் சாமுவேல் கிரீனையும் இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1860-களில் தமிழுக்கு மாற்றினார். பாட நூல்களைத் தமிழில் ஆக்கினார். மேலை மருத்துவத்தைத் தாய்மொழியில் கற்பிக்க முடியுமா என்று இன்றும் நாம் வாதம் செய்துகொண்டிருக்கிறோம். அமெரிக்கர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டிவிட்டார்.

பசுமலையிலிருந்து கோரிப்பாளையத்துக்கு

யாழ்ப்பாணத்து அமெரிக்கர்கள் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். டேனியல் பூரும் சில ஆண்டுகள் மதுரையில் இருந்து கிராமப் பள்ளிகளைத் தொடங்கினார். 1842-இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கி, 1845-இல் பசுமலைக்கு மாறியது. 1881-இல் அது கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. அப்போது தலைவராக இருந்தவர் ஜார்ஜ் வாஷ்பர்ன். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸம்ப்ரோ முதல்வராக இருந்த காலத்தில், கல்லூரி வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தை ஒட்டிய இப்போதைய வளாகத்தில் நிலைகொண்டது. செங்கல் சிவப்பில் நிற்கும் அதன் முதன்மைக் கட்டடத்தின் வடிவம் ஹென்றி இர்வினுடையது. மைசூர் அரண்மனையை வடிவமைத்தவரும் அவர்தான். அமெரிக்கப் பெயர் கொண்ட கல்லூரிக்கு பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர், இந்தோ சாரசனிக் பாணியில், மதுரைச் செங்கல்லில் உருவம் கொடுத்தார்.

அங்குள்ள நூலகத்துக்கு டேனியல் பூரின் பெயர். விடுதிகளுக்கு வாஷ்பர்ன், ஸம்ப்ரோ, டட்லி, வாலஸ் என்று பெயர்கள். சோழவந்தான், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ தலைமுறையாக அந்தப் பெயர்களைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு அந்த அறைகளில் தங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பட்டிமன்ற மேடைக்குப் புதுவாழ்வு கொடுத்த சாலமன் பாப்பையா இந்தக் கல்லூரியின் தமிழ்த்துறையில் பேராசிரியராக இருந்தவர். 1978-இல் தன்னாட்சி பெற்று, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை இந்தியாவில் முதலில் அடைந்த கல்லூரிகளில் ஒன்றாகவும் ஆனது.

பெண்களுக்கான லேடி டோக் கல்லூரியை 1948-இல் அமெரிக்கரான கேட்டி வில்காக்ஸ் மதுரையில் தொடங்கினார். இந்த இரு கல்லூரிகளுக்கும் சீனாவின் ஒரு மாநிலத்தோடு உறவு உண்டு என்பது மதுரையிலேயே பலருக்குத் தெரியாது.

சீனத்திலிருந்து மதுரைக்குத் திரும்பிய உதவி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1833-இல் தொடங்கியது ஓபர்லின் கல்லூரி. 1835-இல் கறுப்பின மாணவர்களையும் 1837-இல் பட்டப்படிப்பில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அடிமை முறை சட்டபூர்வமாக இருந்த நாட்டில், பெண்கள் வாக்களிக்க முடியாத காலத்தில், அது பெரும் துணிச்சல். அந்தக் கல்லூரியில் படித்த ஊழியர்கள் சீனாவின் ஷான்சி மாநிலத்துக்குப் போனார்கள். 1900-இல் வெடித்த பாக்ஸர் கிளர்ச்சியில் அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1908-இல் ஓபர்லினில் ஷான்சி நினைவுச் சங்கம் உருவானது. கொலை நடந்த மாநிலத்திலேயே அது பள்ளிகளை நடத்தியது. புதிதாகப் பட்டம் பெற்ற அமெரிக்க இளைஞர்கள் அங்கே போய்ச் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்கள்.

1949-இல் சீனாவில் ஆட்சி மாறியது. ஓபர்லினுக்கு அங்கே கதவு அடைபட்டது. சங்கம் வேறு நாடுகளைத் தேடியபோது மதுரை கிடைத்தது. 1950-கள் தொடங்கி ஓபர்லின் பட்டதாரிகள் அமெரிக்கன் கல்லூரிக்கும் பின்னர் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து தங்கி ஆங்கிலம் கற்பித்தார்கள்; தமிழ் கற்றுக்கொண்டு போனார்கள். அப்படி 1950-களின் தொடக்கத்தில் வந்தவர்களில் ஒருவர் ஜோசப் எல்டர். பின்னாளில் அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகி, அமெரிக்க மாணவர்கள் ஓராண்டு இந்தியாவில் தங்கிப் படிக்கும் திட்டத்தை வளர்த்தார். அந்தத் திட்டத்தின் மையங்களில் மதுரையும் இருந்தது. 1961-இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனமும் தன் தமிழ் வகுப்புகளை மதுரையில் நடத்திவருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழை ஆய்ந்த பலர் பேச்சுத்தமிழை மதுரைத் தெருக்களில் பழகியவர்கள்.

திருவேடகமும் இரண்டு விநோதக் கல்லூரிகளும்

இனி சோழவந்தான் பக்கம் வரலாம். திருவேடகம், சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்து தங்கிய தலம் என்பது சைவர் மரபு. அந்த ஊரில் கல்லூரி அமைத்த சித்பவானந்தர், திருப்பராய்த்துறையில் 1942-இல் தபோவனத்தை நிறுவியவர். அவர் கல்லூரிக்கு வைத்தது விவேகானந்தர் பெயர்.

விவேகானந்தர் 1893-இல் சிகாகோ சமயப் பேரவையில் பேசிய கதை நமக்குப் பாடம். அங்கே அவர் நுழைய முடிந்ததற்குக் காரணம் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகுதான், எந்த அமைப்பின் பிரதிநிதி என்பதற்குச் சான்றிதழ் இல்லாமல் பேரவையில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்தது. மாசசூசெட்ஸிலுள்ள ஹார்வர்டில் கிரேக்க மொழி கற்பித்த ஜான் ஹென்றி ரைட் அவரோடு பேசிப் பார்த்து, பேரவைக் குழுவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். 1896 மார்ச்சில் அந்த ஹார்வர்டிலேயே தத்துவ மாணவர் சங்கத்தில் விவேகானந்தர் வேதாந்தம் பேசினார். இந்தப் பயணத்துக்கு முன்னே மதுரையில் அவரைச் சந்தித்து ஊக்கம் கொடுத்தவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பணமும் ஹார்வர்டு கடிதமும் சேர்ந்து செய்த காரியம் அது.

திருவேடகத்து முறை அமெரிக்கர்களுக்கும் அந்நியமாக இருக்காது. கல்லூரி என்பது வகுப்பறை மட்டுமன்று, சேர்ந்து வாழும் இடம் என்ற கொள்கையை எல்லை வரை கொண்டுபோன கல்லூரிகள் அங்கேயும் இருக்கின்றன. கென்டக்கியில் உள்ள பெரீயா கல்லூரி 1855-இல் அடிமை ஒழிப்பாளர் ஜான் ஃபீ தொடங்கியது. 1892-இலிருந்து அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். தச்சு, நெசவு, துடைப்பம் கட்டுதல், தோட்டம், அலுவலகம் எல்லாம் வேலைதான்.

கலிபோர்னியாப் பாலைவனத்தில் உள்ள டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியை மின்துறைத் தொழிலதிபர் எல். எல். நன் 1917-இல் நிறுவினார். மாணவர்கள் மொத்தமே ஏறத்தாழ முப்பது பேர். மாட்டுப் பண்ணையையும் தீவனப் பயிரையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், சமையலும் அவர்களே. அடுத்த ஆண்டு யாரைச் சேர்ப்பது, எந்த ஆசிரியரை அழைப்பது என்று முடிவு செய்யும் குழுக்களிலும் மாணவர்களே உட்காருகிறார்கள். 2018 வரை ஆண்கள் மட்டும் படித்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு பெண்களும் வந்தார்கள்.

விடியற்காலை வழிபாடும் ஒழுங்கும் உடலுழைப்பும் கொண்ட குருகுலக் கல்வியை நம்மில் சிலர் காலாவதியான பழைமை என்று ஒதுக்குகிறார்கள். பெரீயாவைப் பற்றியும் டீப் ஸ்பிரிங்ஸ் பற்றியும் அப்படி யாரும் சொல்வதில்லை. அவற்றைத் துணிந்த சோதனைகள் என்கிறார்கள். வைகைக் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் சோதனைக்கும் அதே மரியாதையும் அதே கூர்மையான ஆய்வும் வேண்டும். எது பலித்தது, எது பலிக்கவில்லை, அங்கே படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதினால், அது கல்வியாளர்கள் எங்கிருந்தும் தேடிப் படிக்கும் நூலாகும்.

கோதுமையால் வந்த புத்தகங்கள்

1954-இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480-ஐ இயற்றியது. பி.எல். 480 கோதுமை என்று அதை இந்தியா அறியும். அந்தக் கோதுமைக்கு இந்தியா டாலரில் பணம் கட்ட வேண்டியதில்லை; ரூபாயில் கட்டினால் போதும். அந்த ரூபாய் இந்தியாவிலேயே குவிந்தது. அதில் ஒரு பகுதியை நூல் வாங்கச் செலவிடலாம் என்று பின்னர் சட்டத்தைத் திருத்தினார்கள். 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிகள் எல்லாவற்றிலும் வெளியாகும் நூல்களைப் பிரதிகளாக வாங்கி, சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின் முதலிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் ஊர் நூலகங்களில் கிடைக்காமல் போன தமிழ் நாவலும் பத்திரிகையும் சிகாகோவில் கிடைப்பதன் காரணம் அந்தக் கோதுமை.

இன்னொரு காரணம் ஆகாயத்திலிருந்து வந்தது. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. பின்தங்கிவிட்டோம் என்று அஞ்சிய அமெரிக்கா மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியலோடு அயல்மொழிக் கல்விக்கும் அதில் பணம் ஒதுக்கப்பட்டது. அந்த நிதியில் தென்னாசிய மொழி மையங்கள் வளர்ந்தன. தமிழ் வகுப்புகளும் வளர்ந்தன.

இந்தச் சூழலில்தான் ஏ. கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். மைசூரில் பிறந்தவர், 1950-களில் மதுரை தியாகராசர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், வைகையைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். 1962-இல், சிகாகோவில் தொடக்க நாட்களில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி நூலகத்தின் அடித்தளத்துக்குப் போனபோது அவர் கையில் கிடைத்தது உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. சங்கப் பாடல்களின் ஆற்றலை அங்கேதான் கண்டுகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கே தொடங்கிய வேலை 1967-இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. உலகின் கவிதை வாசகர்களிடம் சங்க இலக்கியத்தைக் கொண்டுசேர்த்தது. சங்கம் இருந்த ஊரில் வேலை பார்த்தவருக்குச் சங்கப் பாடல் சிகாகோவின் நிலவறையில் வசப்பட்டது என்பதை நாம் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நூலகம் தேடுகிறவனுக்குத் திறந்திருக்க வேண்டும், பழைய நூல் இடம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற எளிய ஒழுங்கு என்ன செய்யும் என்பதற்கு அது சான்று.

சிகாகோ பல்கலைக்கழகம் இன்னொரு நற்காரியமும் செய்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த ஒரு லட்சம் அளவிலான தமிழ் நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் காலமானதும் சிதறும் நிலைக்கு வந்தன. பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்க வழி செய்தது. யேல் காலத்தில் இங்கிருந்து போனதற்கும் இதற்கும் நடுவில் முந்நூறு ஆண்டுகள்.

கொடிக்காலும் அகத்தியும்

2015-இல் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சு. திருஞான சம்பந்தமும் ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு முயற்சி எடுத்தார்கள். தேவைப்பட்ட தொகை அறுபது லட்சம் டாலர். தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஐம்பதும் நூறுமாகக்கூட அனுப்பினார்கள். 2018-இல் தொகை நிறைந்தது. இன்று ஐயாயிரம் கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஏழைகள் ஏன் கொடுக்க வேண்டும் என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதன் விடை அந்த நிதி இயங்கும் முறையில் இருக்கிறது. கொடுத்த தொகையைச் செலவழிப்பதில்லை. முதலீட்டில் வைத்து, ஆண்டுதோறும் சுமார் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் எடுத்து, குறித்த காரியத்துக்கே செலவிடுகிறார்கள். தமிழுக்கென்று கொடுத்தது தமிழுக்கு மட்டுமே.

சோழவந்தானில் கொடிக்கால் போடுகிறவர் முதலில் அகத்தியைத்தான் வளர்ப்பார். அது நின்ற பிறகே வெற்றிலைக் கொடி ஏறும். அறக்கட்டளை நிதி கல்லூரிக்கு அந்த அகத்தி.

இதை அமெரிக்கரிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியாரின் உயில் சொத்திலிருந்து 1842-இல் பள்ளியும் பின்னர் கல்லூரியும் எழுந்தன. விருதுநகர் வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, 1885-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அந்த மகமைதான் பின்னர் கல்லூரிகளையும் எழுப்பியது. பணக்காரர் ஒருவரின் கொடையைவிட, கடைக்காரர் எல்லாரும் நாள்தோறும் ஒதுக்கிய காசு உறுதியான அடித்தளம் என்று அவர்கள் காட்டினார்கள். வட்டுக்கோட்டை மாணவனுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கச் சபைகளும் இதே வழியில் போனவைதான்.

நம்மிடம் குறைவது கொடை அன்று, ஏடு. அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிய மேற்கண்ட செய்திகள் எல்லாம் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், ஒன்பது மூட்டைச் சரக்கின் விற்பனைக் கணக்கிலிருந்து வைக்கோற்போர் இருந்த இடம் வரை எழுதி வைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். நம் பகுதிக் கல்லூரிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடு, விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு, ஆண்டு மலர், நன்கொடை ரசீது ஆகியவை இடப் பற்றாக்குறை வரும்போது முதலில் எடைக்குப் போகின்றன. அந்தப் பதிவேட்டில்தான் வைகைப் பாசனத்துக் கூலி விவசாயியின் மகன், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவரின் மகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் எல்லாம் பெயரோடு இருக்கிறார்கள். இந்த வட்டாரம் எப்படி எழுந்தது என்பதற்கு அதைவிட நம்பத்தகுந்த சான்று வேறு இல்லை.

ஆகவே சோழவந்தான், திருவேடகம், பசுமலை, மதுரை என்று இந்த ஆற்றோரத்துக் கல்லூரி ஒவ்வொன்றும் உடனே தொடங்கக்கூடிய வேலை மூன்று. பழைய பதிவேடுகளை ஓர் அறையில் சேர்த்து, கணினியில் படமெடுத்து, ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சமையல்காரர்கள், காவலாளிகள், முதல் அணி மாணவர்கள் ஆகியோரிடம் நேரில் கேட்டு, அவர்கள் சொல்வதைக் குரலோடு பதிவு செய்ய வேண்டும். முன்னாள் மாணவர்கள் அவரவரால் முடிந்ததைக் கொடுக்கும் நிலையான நிதி ஒன்றை ஏற்படுத்தி, அதன் கணக்கை ஆண்டுதோறும் அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும். சாதி பார்த்துச் சேர்த்த காலம் இருந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். பெண்களுக்கு இடம் மறுத்திருந்தால் அதையும் எழுத வேண்டும். யேல் தன் பெயரின் கறையை எழுதிய பிறகு சிறுத்துப் போய்விடவில்லை. நம் கல்லூரிகளும் சிறுத்துப் போகா. தன் கதையைத் தானே முழுதாகச் சொல்லத் தெரிந்த கல்லூரிக்குத்தான் அடுத்த தலைமுறை நம்பிக் கொடுக்கும். நம்பித் தன் பிள்ளைகளையும் அனுப்பும்.